பேர்ச்சோறு

ஜூலை 26, ஞாயிறு

கல்வி அமைச்சகத்திலிருந்து மறுபடியும் கடிதம். ஐந்தாம் வகுப்புக்கு ‘நம் நாடு’ என்று பதினாறு பக்கத்தில் ஒரு பாடநூல் எழுதித் தரவேண்டுமாம். அமைச்சகம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. தலைநகரில் உட்கார்ந்திருக்கும் கபிரியேல் சார்தான் அமைச்சகம். அவரே தலைமைச் செயலர், அவரே தபால் அதிகாரி, தேவைப்படும்போது அவரே நீதிபதி. பாடநூல் எழுத ஆள் கிடைக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

காலையில் உட்கார்ந்தேன். நிலம்: வெலாசா குடியரசு ஒன்பது தீவுகள் கொண்டது. ஒன்பதையும் ஒட்ட வைத்தாலும் எங்கள் கோவில்பட்டி அளவுக்குத்தான் வரும். ஆறு கிடையாது, மலை கிடையாது. நான் இருக்கும் கடைத்தீவு இரண்டு கிலோமீட்டர் நீளம். அகலத்தைக் கேட்டால், ஓங்கிக் கல்லெறிந்தால் அந்தப் பக்கக் கடலில் விழும். உயரமான இடம் கோயில் முற்றம், கடலிலிருந்து ஒன்பது அடி. சிகரம் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் பிள்ளைகள் கோயில் படம் வரைகிறார்கள். நானும் மார்க் போட்டுவிடுகிறேன்.

மக்கள்: தென்னந்தோப்பு வேலைக்கென்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன் தூத்துக்குடி, ராமநாதபுரக் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். தோப்புத் துரைமார்கள் போய்விட்டார்கள். பேச்சு மட்டும் அந்தக் கரைத் தமிழாகவே தங்கிவிட்டது. வந்த புதிதில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இப்போது காதில் விழுவதுகூட இல்லை.

அரசாங்கம் என்று தலைப்புப் போட்டேன். அதற்குள் எதிர்வீட்டுச் செம்பா வந்து மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டாள். மூன்றரை வயது. இவளோடு பெரிய தொல்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறப்பாள். அவள் அம்மா எமல்டாவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. போதும், ஊருக்குப் போகிறேன்.

ஜூலை 27, திங்கள்

கொசுவலை கிழிந்திருந்தது, தைத்தேன். ஊசி கேட்டுச் செம்பா ஒரே அழுகை. நூலைக் கொடுத்துச் சமாளித்தேன்.

ஜூலை 28, செவ்வாய்

நாளை தேர்தல். கடைத்தீவின் வாக்கு எண்ணும் அலுவலர் வழக்கம்போல நான்தான். இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். மச்சான் எண்ணினால் மச்சினன் ஜெயித்துவிடுவான் என்று பயந்து, அந்தத் தீவில் சொந்தபந்தம் இல்லாதவர்தான் வாக்கு எண்ண வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். கடைத்தீவில் அப்படி ஒரே ஒரு ஆள் நான். இதோடு மூன்றாவது தடவை. ‘இந்த மண்ணில் எனக்கு யாரும் இல்லை’ என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டேன். போடும்போது ஒன்றும் தோன்றவில்லை.

நிற்பது இரண்டு பேர். பழைய உறுப்பினர் சூசை, மீன்வள அமைச்சர். எதிரே நர்ஸ் பிரகாசி, எமல்டாவின் பெரியம்மா, இந்தத் தீவுக்கு மருத்துவம் என்று இருக்கும் ஒரே ஆள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: ஆஸ்பத்திரிப் படகு. மற்ற தீவுகளின் உறுப்பினர் எட்டுப் பேரில் நாலு பேர் படகுக்குச் சம்மதம். இவள் ஜெயித்தால் ஐந்தாவது கை உயரும், படகு வரும். சூசைக்குப் படகு வீண் செலவு.

நான் யார் பக்கமும் இல்லை. இருக்கவும் கூடாது.

ஜூலை 29, புதன்

வாக்குகள் அறுபத்தொன்று. மத்தியானமே எண்ணி முடித்துவிட்டேன். எல்லோருக்கும் எல்லோர் கையெழுத்தும் தெரியும் என்பதால் இங்கே சீட்டில் முத்திரை மட்டும்தான். பள்ளிக்கூட ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி, சத்தமாக வாசித்து, இரண்டு தடவை எண்ணினேன்.

பிரகாசி 31. சூசை 30.

ஒரு வாக்கு. ஜன்னலில் ஒரே கூச்சல். பிரகாசி என் கையைப் பிடித்து, “ரொம்ப நன்றி டீச்சர்” என்றாள். நன்றி எதற்கு? எண்ணினதற்கா? சூசையும் வந்து நன்றி சொன்னார். இங்கே எனக்கு எல்லோரும் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார்கள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால்கூட என்னிடம் கோபப்பட மாட்டார்கள், “பாவம் டீச்சர் நனைஞ்சிட்டாங்க” என்பார்கள்.

சோர்வாக இருக்கிறது. கஞ்சி வைத்தேன். பாதி செம்பாவுக்கு.

ஆகஸ்ட் 1, சனி

தம்பி போன் பண்ணினான். எனக்கென்று வைத்திருந்த மாடியறையைப் பெரியவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். காலேஜ் படிக்கிற பையன், நியாயம்தான். “டிசம்பர்ல வந்தா பக்கத்துல ஏதாவது லேடீஸ் ஹாஸ்டல் பாப்போம்க்கா” என்றான். பார்க்கலாம் என்றேன். கோவில்பட்டியில் ஹாஸ்டல் எல்லாம் இப்போது நன்றாக இருக்கிறதாம்.

துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

எமல்டா வந்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாசம் தாண்டிவிட்டது, கால் வீங்கியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வயிற்றுப் பிள்ளை குறுக்கே விழுந்து, தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கப்பலிலேயே செத்துப் பிறந்தது. அதற்கப்புறம் எட்டு மாசம் தாண்டியவர்களைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். கப்பல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவதே பெரிய காரியம். ஏற்றாவிட்டால் எப்படிப் போவது என்று உத்தரவு போட்டவர் யோசிக்கவில்லை.

“இந்த வாட்டி பயமில்ல டீச்சர். பெரியம்மா பதவி எடுத்த வாரமே படகைக் கொண்டாந்திருவா. நாலு தீவுக்காரங்களும் சொல்லி வச்சிருக்காங்க” என்றாள். வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். செம்பா என் மடியில் தூங்கிவிட்டாள். கால் மரத்துப் போகும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

கப்பல் வந்தது. அரிசி, மண்ணெண்ணெய், கபிரியேல் சார். மாதா திருநாளுக்கென்று பிரகாசியின் அண்ணன் குடும்பம் மூன்று பேரும் அதே கப்பலில் தலைநகருக்குக் கிளம்பினார்கள்.

கபிரியேல் சாரை எதற்கு அனுப்பினார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. சூசை மனுப் போட்டிருக்கிறார். வாக்கு எண்ணிய அலுவலருக்குக் கடைத்தீவில் உறவு உண்டு, அதுவும் ஜெயித்தவள் வீட்டில், ஆகவே தேர்தல் செல்லாது.

“யாரய்யா எனக்கு உறவு?” என்று கேட்டேன்.

கபிரியேல் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எமல்டா பிள்ளைக்கு நீங்க பேர்ச்சோறு சாப்பிட்டீங்களா டீச்சர்?”

சாப்பிட்டேன். செம்பா பிறந்த ஏழாம் நாள் எமல்டா தேங்காய்ப்பால் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்தாள். “ஒங்க பேரைக் கொடுங்க டீச்சர்” என்றாள். செண்பகவல்லி என்ற பேரை இந்தக் காலத்தில் கேட்கிறார்களே என்று சிரித்தேன். அது சுருங்கித்தான் செம்பா. நல்ல பசி. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பேர்ச்சோறு சாப்பிட்டவள் பேர்த்தாய். பெற்றவளுக்கு அடுத்த உறவு அவள்தான், சொந்தச் சித்தி, அத்தையெல்லாம் பிறகுதான். இது எனக்குத் தெரியுமா? தெரியும். அடுத்த வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளியாளுக்கு அது ஒட்டாது, மரியாதைக்குக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது போல. மூன்றரை வருஷமாக யாரும் என்னைப் பேர்த்தாய் என்று கூப்பிட்டதில்லை. ஒரு வாக்கில் தோற்ற பிறகுதான் சூசைக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

நாளை மறுநாள் விசாரணை. அடுத்த கப்பல் இருபதாம் தேதி, அதுவரை தலைமைச் செயலருக்கும் இங்கேயேதான் வாசம். இரண்டாம் வகுப்பு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டில் ஆக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கபிரியேல் சார் முறையை விளக்கினார். கோயில் முற்றத்தில் ஊர் கூடும். பெற்றவள் என் முன்னால் இலையில் சோறு வைப்பாள். ‘இந்த மண்ணில் எனக்கு யாரும் இல்லை’ என்று சொல்லி, சாப்பிடாமல் எழுந்துவிட்டால் பேரைத் திருப்பியதாக அர்த்தம். பேர் கொடுத்தபோதே அது வெறும் மரியாதைக்குத்தான், உறவு அல்ல என்று எழுதித் தேர்தலை நிலைநிறுத்திவிடுவார். பிள்ளைக்கு அன்றைக்கே வேறு பேர் வைத்துவிடுவார்கள். பேர் போனபிறகு அவள் என் வாசல் ஏறக்கூடாது, நானும் கூப்பிடக்கூடாது.

“அவ்வளவுதான்” என்றார். அந்த மனிதருக்கும் அலுப்பாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் எமல்டா வந்தாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தே பேசினாள்.

“எந்திரிச்சிருங்க டீச்சர். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். பிள்ளைக்கு வேற பேரு பாத்துக்கிடுதோம். படகு வரணும்.”

“சரிம்மா” என்றேன்.

“அவ கொஞ்ச நாள் அழுவா. பொறவு மறந்திருவா.”

“சின்னப் பிள்ளைதானே” என்றேன்.

நான் நேர்மையாகத்தான் எண்ணினேன். அந்த நேர்மையான எண்ணிக்கையைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுவேன். அறுபத்தொரு பேர் போட்ட வாக்கு, எமல்டாவின் உயிர், இதற்கு முன்னால் ஒரு பேர் என்ன பெரிய பேர். எனக்கே அந்தப் பேர் ஒருநாளும் பிடித்ததில்லை.

டிசம்பரில் எப்படியும் போகத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 8, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பத்து மணிக்கு ஊரே முற்றத்தில். கபிரியேல் சார் நாற்காலியில், சூசை ஒரு பக்கம், பிரகாசி ஒரு பக்கம். நான் நடுவில் பாயில். எமல்டா வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து இலை போட்டாள், சோறு வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“டீச்சர், இந்த மண்ணுல ஒங்களுக்கு ஆரும் உண்டா?” என்று கேட்டார் கபிரியேல் சார்.

சொல்ல வேண்டியதை ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஐந்து வார்த்தை. வாயைத் திறந்தேன். அதற்குள் யாருடைய பிடியிலிருந்தோ நழுவி ஓடிவந்து செம்பா என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இலையைப் பார்த்தாள். தினமும் செய்வதுபோல வாயைத் திறந்தாள்.

பிள்ளையைத் தூக்க ஒருவரும் வரவில்லை. நான் எழுந்திருக்கத்தான் போனேன். சத்தியமாக எழுந்திருக்கத்தான் போனேன். அவள் வாயை மூடவே இல்லை. பசியில்கூட இல்லை அது, நான் ஊட்டுவேன் என்கிற நம்பிக்கை. என் கை சோற்றைப் பிசைந்துவிட்டது. ஒரு வாய் ஊட்டினேன். அடுத்த வாயை நான் சாப்பிட்டேன்.

கபிரியேல் சார் பேனாவை மூடினார். “அப்ப உண்டு” என்றார். தேர்தல் ரத்து. பத்தொன்பதாம் தேதி, அவர் கப்பலேறுவதற்கு முந்தின நாள், மறுவாக்கு.

எமல்டா அப்படியே நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிரகாசி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் செய்தது தப்பு. அதை இங்கே எழுதிவைக்கிறேன். தப்பு என்று தெரிந்தும், இன்னொரு தடவை அந்த இலைக்கு முன்னால் உட்கார வைத்தாலும் இதையேதான் செய்வேன். அதுதான் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசைக்குப் போகிறவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். வைதிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பள்ளிக்கூடம், பரீட்சைத் தாள், கபிரியேல் சாருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. ‘நம் நாடு’ எழுத உட்கார்ந்து, அரசாங்கம் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூட ஓடவில்லை என்று அவரிடம் சொன்னேன். “எனக்கும் அப்படித்தான் டீச்சர், இருபத்தாறு வருசமா” என்றார்.

பிரகாசி எதிரே வந்தால் தலையசைக்கிறாள். “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” அவ்வளவுதான். ஜெயித்துவிடுவோம் என்ற தைரியம் அவளுக்கு இருக்கிறது. அண்ணன் வீட்டு மூன்று பேர் ஊரில் இல்லாவிட்டாலும், சூசை பக்கம் இரண்டு பேராவது மாறுவார்கள் என்று நினைக்கிறாளாம்.

ஆகஸ்ட் 19, புதன்

எண்ண வெளியாள் வேண்டுமே; தீர்ப்புச் சொன்ன கபிரியேல் சாரே எண்ணக்கூடாதாம். நல்லவேளை, பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிற டச்சுக்காரர் ஒருவர் பாய் கிழிந்து நாலு நாளாகக் கரையில் ஒதுங்கியிருந்தார். அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு முத்திரைகளுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். நான் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

பிரகாசி 28. சூசை 30.

ஒருவர்கூட மனம் மாறவில்லை. பிரகாசியின் அண்ணன் வீட்டு மூன்று பேரும் தலைநகரில் இருந்தார்கள். திருநாள் முடிந்து திரும்பிவரக் கப்பல் இல்லை. கப்பல் நாளைக்கு.

டச்சுக்காரர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு மாலையே பாயை விரித்துப் போய்விட்டார். நானும் அவரோடு போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, வியாழன்

கப்பலிலிருந்து மூன்று பேரும் பலகாரப் பொட்டலங்களோடு இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டுப் படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கபிரியேல் சார் ஏறிப் போனார். எமல்டாவை ஏற்றச் சொல்லிக் கப்பல் கேப்டனிடம் நான் போய்க் கெஞ்சினேன். உத்தரவைக் காட்டினார். கபிரியேல் சாரின் கையெழுத்து. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது பேரும் கூடித் தீர்மானம் போடாமல் அதை எடுக்க முடியாதாம்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம்.

“ஏ செம்பகம்! வெளிய வா நீ!”

இந்த ஒன்பது வருஷத்தில் அந்தப் பேரைச் சொல்லி இங்கே என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் இருந்துவிட்டேன். பிரகாசி மருந்துப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேர்த்து வழிய நின்றாள்.

“ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? ஒரு வாய்ச் சோறு! ஒரு வாய்ச் சோத்தை அடக்கிக்கிட முடியல ஒனக்கு. பிள்ளை வாயத் தொறந்தா ஊட்டிருவியோ? நாங்க ஊட்ட மாட்டமா அதுக்கு? எந்திரிச்சிருந்தா பேருதான போயிருக்கும்? போவட்டுமே, ஒரு நூறு பேரு கெடக்கு. படகு வந்திருக்கும்லா! இப்பம் எமல்டாவைத் தொட்டுப் பாத்துட்டு வாறேன். பிள்ளை குறுக்க கெடக்கு. போன வாட்டி மாதிரியே குறுக்க கெடக்கு. ஆரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா? கழுத மாதிரி நிக்கா பாரு!”

பிள்ளைகள் ஜன்னலில் குவிந்துவிட்டார்கள். டீச்சரை வைவதை அவர்களும் பார்த்ததில்லை. அவள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. அடுப்பாங்கரைச் சண்டை மாதிரி, தங்கச்சியை அக்கா வைகிற மாதிரி, மூச்சு முட்டுகிறவரை வைதாள். இந்த ஊரில் வெளியாட்களை வைகிற வழக்கம் கிடையாது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எமல்டாவுக்காகத்தான் அழுதேன். எமல்டாவுக்காக மட்டும் என்று எழுதினால் பொய்.

பிரகாசி பையைக் கீழே வைத்தாள். அப்புறம் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அழுதது போதும், எந்திரி. நாளைக்கு விடிய அண்ணன் மீன்படகை எடுக்கான். பத்து மணி நேரமாவது ஆவும். கடல் கொஞ்சம் எரைச்சலாத்தான் இருக்கு. நீ வாற.”

“நானா? எனக்கு என்ன தெரியும்? கைக்கு இடைஞ்சலாகத்தான் இருப்பேன்.”

“ஒண்ணும் தெரிய வேண்டாம். நான் காலுமாட்டுல இருப்பேன். தலைமாட்டுல பேர்த்தாய்தான் உக்காரணும். அவ தலை ஒன் மடியில கெடக்கணும், போய்ச் சேருத வரைக்கும். படகு குதிச்சாலும் மடி ஆடக்கூடாது. வெளங்குதா?”

விளங்கியது என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை வரை லீவு விட்டிருக்கிறேன். பழைய சேலை நாலு, வெந்நீர்க் குடுவை, எலுமிச்சம்பழம், எமல்டாவுக்கு ஒரு போர்வை எடுத்து வைத்தாயிற்று. கனமாக நாலைந்து தலையணைகளை மடியில் அடுக்கி, ஆடாமல் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று பார்த்தேன். நாற்பது நிமிஷம். அதற்குமேல் இடுப்பு தாங்கவில்லை. நாளைக்குத் தாங்கித்தான் ஆக வேண்டும்.